ஒத்தை முடி

செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் குளியல் தொட்டிக்குள் பார்த்தாள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால் ஒரே ஒரு முடி கிடந்தாலும் நிழல் விழும்.

நிழல் விழவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் அறை. பதினோரு வருஷம் இந்த அறையைத் துடைத்துப் பெருக்கியவள் அவள்தான். இன்றைக்குப் பெட்டியும் கையுமாக விருந்தாளி மாதிரி வந்து இறங்கியிருக்கிறாள்.

ஹோட்டல்களை ரகசியமாகச் சோதிக்க ஆள் அனுப்புகிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு இப்போது வேலை. காதும் காதும் வைத்தாற்போல் தங்கி, குறை கண்டுபிடித்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. வாரத்துக்கு ஒரு ஹோட்டல். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

பட்டியலில் இந்த ஹோட்டல் பெயரைப் பார்த்ததும் அடித்துப் பிடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இங்கே ஏற்கெனவே இரண்டு தடவை மார்க் குறைந்திருக்கிறது. மூன்றாவது தடவையும் குறைந்தால் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த மேனேஜரை அவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், தொட்டியில் ஒரு முடி கிடந்தது என்று இந்த அறையில் தங்கிய யாரோ புகார் எழுதிவிட்டார்கள். அந்த முடியை ஓர் உறையில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு விட்டான். அது என் முடி இல்லை என்றாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என் தலையைப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவன் நிமிரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவள் பக்கம் நகர்த்தினான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் நிரந்தர ஆட்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆளுக்கொரு சாக்கு. அவளுக்கு முடி.

அண்ணன் வீட்டில் அவளுக்கு ‘ஒத்தை முடி’ என்று பேரே வைத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டில் முடி கிடந்தால் போதும், அண்ணி அதைத் தூக்கிப் பிடித்து, இது யார் வேலைக்கு உலை வைக்க வந்திருக்கிறதோ என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வயிறு எரியும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கட்டிலுக்கு அடியில், அலமாரித் தலைமேல், திரைச்சீலை மடிப்பில், கழிப்பறைப் பீடத்தின் பின்பக்கம். எங்கேயும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சோம்பேறி மேனேஜருக்கு எங்கிருந்துதான் இப்படி ஒரு வேலைக்காரி கிடைத்தாளோ!

இல்லாத குறையை உண்டாக்கவும் வழி இருக்கிறது. அதை யோசிக்காமலா இவ்வளவு தூரம் வந்தாள்? ஆனால் காலையில் முட்டி தேய இந்த அறையைத் துடைத்தவளும் தன்னைப்போல ஒருத்திதானே. முடி கிடந்தால் மேனேஜர் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வான். அதில் அவன் கைகாரன். இன்னொருத்தி கையெழுத்துப் போடுவதற்கா இவள் வந்தாள்? மனசு வரவில்லை.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. கூடுதலாக ஒரு துண்டு கேட்க வேண்டும், எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்று குறிக்க வேண்டும். போன் செய்தாள்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், அவனே நிற்கிறான்.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, துண்டை நீட்டினான். ப்ளீச்சிங் பவுடரில் ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவள் விரலும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தது.

அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அடையாளம் தெரியவில்லை. அப்போது ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தானே இப்போது தெரியும்!

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான். கேட்காமலே புலம்பவும் ஆரம்பித்தான். ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் ஒரு மாசம்கூட நிற்பதில்லையாம். பழைய ஆட்களைக் கூப்பிட்டால் குடோனிலும் கடையிலும் வேலை கிடைத்துவிட்டது, வரமாட்டோம் என்கிறார்களாம். வரவேற்பில்கூட மெஷின்தான் சாவி கொடுக்கிறதாம்.

“ஆளே கிடைக்க மாட்டேங்குது மேடம். மூணு மாசமா இந்த மாடி ரூமெல்லாம் நானேதான் சுத்தம் பண்றேன். காலைல உங்க ரூமும் நான் பண்ணதுதான். நல்லா இருக்குதானே?”

நாலு வருஷமாக எரிந்துகொண்டிருந்த வயிற்றில் பால் வார்த்தான்.

“ரொம்ப சுத்தமா இருக்கு சார். ஒரு முடிகூட இல்ல.”

அவன் பூரித்துப்போனான். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று கொண்டையை அவிழ்த்தாள். முதலில் கையோடு வந்தது ஒரு கறுப்பு முடி. அது வேண்டாம் என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். காதோரம் விலக்கி விலக்கித் தேடி, நீளமாக ஒன்றைப் பார்த்துப் பிடுங்கினாள்.

தொட்டியின் நடுவில் அதைக் கிடத்தி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். நிழல் அழகாக விழுந்தது. போட்டோ எடுத்தாள்.

வெள்ளை முடி.

அன்றைக்கு அந்த உறைக்குள் கிடந்ததும் வெள்ளை முடிதான். அப்போது அவள் தலையில் மருந்துக்குக்கூட ஒரு நரை கிடையாது.