முட்டை எடுக்காத கை

"நாரி முறியுது, மிருணா. எழும்பேலாமல் கிடக்கு."

குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபடி சிறிதரன் சொன்னான். இரவு முழுவதும் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கிவிட்டு வந்தவன். பிடித்துக்கொண்ட இடுப்புக்கு மெத்தையைவிடத் தரைதான் சுகம்.

மிருணாளினி அவனைத் தாண்டிப்போய்ப் பைக்குள் சட்டைகளை அடுக்கினாள். பின்னேரம் பிளேன். மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் அக்கா வீடு. திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

"பனடோல் மேசையிலை கிடக்கு," என்றாள். சண்டை நடந்து வாரக்கணக்கான பிறகு அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு.

சண்டை கோழியால் வந்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த வீட்டுக்கு வந்த கையோடு ஆசைப்பட்டுக் கோழிகள் வாங்கியவன் அவன். "கோடையோ குளிரோ, தீனிச் சட்டியும் தண்ணிப் பாத்திரமும் என்ரை பொறுப்பு" என்றவனும் அவன்தான். முதல் குளிருக்கே அந்தப் பேச்சுப் போயிற்று. முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் மற்றவர்களைக் கழுவித் துடைத்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து கோழிப் பீயும் கழுவினாள்.

கோடை பிறந்ததும் அவளாலும் முடியவில்லை. பாத்திரத்தில் பாசி பிடித்தது. தீனி நனைந்து புளித்தது. பக்கத்து வீட்டுச் சேஷாத்ரி வேலிக்கு மேலால் எட்டி, நாற்றம் தாங்கவில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். "தயிர்ச்சோறு தின்னுறவைக்குக் கோழி மணக்கத்தான் செய்யும்" என்று சிறிதரன் தெருவுக்கே கேட்கக் கத்தினான். அன்றைக்கே அவளும் சொல்லிவிட்டாள்: "இனி அந்தப் பாத்திரத்தை நான் தொடமாட்டன். நாறட்டும்."

"நீர் போறதெண்டால் போம்," என்றான் சிறிதரன், கூரையைப் பார்த்தபடி. "ஆனால் நான் கண்டனான். கண்டு போட்டுச் சொல்லாமல் இருந்தது என்ரை பிழை."

"என்னத்தைக் கண்டனீங்கள்?"

"தண்ணிப் பாத்திரத்தை. விளிம்புக்கு உள்பக்கம் விரலை விட்டுப் பாத்தன். வழுக்கேல்லை. கோழி மண்ணைக் கிண்டி விழுத்தாமல் செங்கல்லை வைச்சு, கோழியின்ரை முதுகு உயரத்துக்குத் தூக்கியிருக்கு. தீனிச் சட்டியைக் காயவைச்சுத்தான் திரும்ப நிரப்பியிருக்கு. இந்த வெக்கையிலை ஐஸ் போத்தில் வேறை மிதக்குது. கோயில் குத்துவிளக்கைக்கூட ஒருத்தரும் இப்பிடி மினுக்க மாட்டினம். தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு இப்பிடிச் செய்ய எந்த மனுசிக்கு மனம் வரும்?"

மிருணாளினி கையில் இருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பகிடி விடுறியளோ?"

"நாரிக்கு மேலை சத்தியம்."

"நீங்கள் கழுவிப்போட்டு எனக்குச் சொல்லுறியளோ? ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். கோயில்லை மாதிரிச் செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கோணும் போல இருந்தது. இந்த நாரியோடை இந்த மனுசன் எப்பிடிக் குனிஞ்சு தேய்க்குதெண்டு. அதைப் பாத்துத்தானே ரெண்டு தரம் டிக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளினனான்."

"நானோ? சப்பாத்து நாடா கட்டக்கூட நான் குனியிறேல்லை."

"அப்ப முட்டை? கூட்டுக்குள்ளை அப்பிடியே கிடக்கும். பாவம், அவ்வளவுக்குக் குனிய ஏலாதாக்கும் எண்டு நான்தான் பின்னேரத்திலை எடுக்கிறனான்."

"நான் எழும்பிப் பாக்கேக்கை முட்டை கூட்டுக்குள்ளையே கிடக்கும். கோழிக்காகக் கழுவுவீர், எனக்காக அந்த நேரம் முட்டை எடுக்கமாட்டீர், அவ்வளவு கோவம் எண்டு நான் நினைச்சன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவள் சட்டையைப் பைக்குள் திணித்து ஸிப்பை இழுத்தாள். அவளைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு பாத்திரம்தான். அதைக் கழுவியதும் அவன் இல்லை.

"மிருணா..."

"பேசாதேங்கோ. டாக்ஸி வரப்போகுது."

வீட்டின் பின்வளவில், கோழிக்கூட்டுப் பக்கமாகத் தண்ணீர்க் குழாய் சீறியது.

மற்ற நாட்களில் இந்நேரம் இந்த வீட்டில் விழித்திருக்க ஆளில்லை. அவன் தூங்குவான், அவள் வேலையில் நிற்பாள். சிறிதரன் கதிரையைப் பிடித்து, பல்லைக் கடித்து எழுந்தான். இருவரும் குசினி யன்னலால் பார்த்தார்கள்.

காற்றுக்கு விழுந்த வேலிப்பலகையின் இடைவெளியால் ஒரு ஆள் உள்ளே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கைத் துண்டால் மூடி, வெயிலில் குந்தியிருந்து பாத்திரத்துக்குள் வினாகிரி ஊற்றிப் பழைய பல்துலக்கியால் விளிம்பைத் தேய்த்தார். கோழிகள் அவர் முழங்காலைச் சுற்றி நின்றன. கூட்டில் கிடந்த முட்டைகளின் பக்கம் மட்டும் அவர் கை போகவேயில்லை.

மிருணாளினியின் கை பைப்பிடியிலிருந்து நழுவியது.

"இருங்கடி, தள்ளாதீங்க," என்றார் சேஷாத்ரி கோழிகளிடம். "உங்க வீட்ல சண்டை முடியற வரைக்கும் நான்தான் உங்களுக்கு."

வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூடத் தொட்டறியாத அந்த மனிதருக்கு ஒரு மன்னிப்பும், பக்கத்தில் நின்றவளுக்கு அவள் ஒரு குளிர்காலம் முழுவதும் கழுவிய கழுவலும் சிறிதரன் பட்ட கடன். இரண்டில் ஒன்றுகூட இன்னும் கொடுபடவில்லை.