நாற்பத்தொன்றாவது கிண்ணம்

"சபை விசாரணைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிய தர்மன் வீடு திரும்பவில்லை. மூன்று முறை அழைத்தும் வரவில்லை என்று திருமானூர் திருச்சபை அவனை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

"இங்கதாங்க கிளம்பி வந்தாரு" என்றாள் அவன் மனைவி மேகலா.

"வந்து சேரலையேம்மா. இனிமே நாப்பது கிண்ணம் போதும்" என்றார் சபை மூப்பர் அண்ணாதுரை.

ஆராதனையில் உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்றாகத் தரும் இராப்போசனக் கிண்ணங்களை நிரப்புவதும் கழுவுவதும் அவள் வேலை. அந்த ஞாயிறு நாற்பதில்தான் திராட்சை ரசம் ஊற்றினாள். கழுவ எடுத்தபோது நாற்பத்தொன்று ரசத்தின் ஈரத்தோடு இருந்தன.

மூப்பர் எண்ணிப் பார்த்தார். "நீக்குனவனுக்கு ஊத்துனா அடுத்த விசாரணை ஒனக்குத்தான்."

மறுவாரம் அந்த நாற்பத்தொன்றாவது கிண்ணத்தை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டுப் போனாள். சபையில் நாற்பதுதான் ஈரமாகின. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். கிண்ணத்தின் அடியில் ரசம் ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்து அங்கேயே கவிழ்த்தாள். பூட்டவில்லை.