நான்கு எண்ணும் நேரம்

முன் ஹோலில் தனியாக ஆடிக்கொண்டிருந்த யாக்கோப்பின் சப்பாத்துச் சத்தம் நின்றது. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த செசீலியாவும் கையை நிறுத்திக் காது கொடுத்தாள்.

“என்னம்மா?” என்றாள், அப்போதுதான் பின்கதவால் வந்த மகள் சர்மிலா.

“மெல்லக் கதை புள்ள. அப்பா நிண்டிட்டார். நேற்றுப் பூசையிலயும் தலை சுத்தினவர்.”

“டாங்கோவில இடையில நிக்கிறதும் ஆட்டந்தான் எண்டு அவரே சொன்னவரே,” என்று சர்மிலாவும் கிசுகிசுத்தாள். கப்பலில் வேலை செய்த காலத்தில், அர்ஜென்டினாத் துறைமுகத்தில் யாக்கோப்பு பழகிய ஆட்டம் அது.

“அது நாலு எண்ணுற நேரந்தான். இப்ப இருவதுக்கு மேல போயிட்டு.”

“பாட்டைப் போட்டு ஆடினா இந்தப் பயம் இல்லையே.”

“தாளம் காலுக்குள்ள கிடக்காம். மூணு மாசமாப் பாட்டே போடுறாரில்ல.”

இன்னும் சத்தமில்லை. செசீலியா திருவலையைத் தள்ளி வைத்தாள். எழும்பி ஓடினாள்.

யாக்கோப்பு விழுந்து கிடக்கவில்லை. குசினிச் சுவரில் காதை வைத்தபடி, முகம் வெளிறி நின்றார்.

“என்ன செய்யுது உங்களுக்கு?”

“எனக்கு ஒண்டுமில்ல. நான் ஆட்டத்தை நிப்பாட்டி நாலு எண்ணுறதுக்குள்ள உன்ட திருவலைச் சத்தம் கேக்கும். இண்டைக்குக் கேக்கல்ல. வந்து பாக்கக் காலும் எழும்பல்ல, செசீலியா.”

சர்மிலா ஓடிவந்து தாயைக் கதிரையில் இருத்தினாள். செசீலியாவுக்கு இதய ஒப்பரேஷன் முடிந்து மூன்று மாதம்.

“அதுக்காகப் பாட்டையும் நிப்பாட்டினீங்களா அப்பா?”

“பாட்டுப் போட்டா இவள்ற சத்தம் எனக்குக் கேக்காதே, புள்ள.”