பக்கத்து இருக்கையின் பிரேக்

ஆயிரம் கார்களுக்கு நடுவே நிறுத்தினாலும், தான் விற்ற கார் தன்னைக் கண்டதும் ஒருமுறை இருமிக் காட்டும் என்று அடித்துச் சொல்கிறார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இதோ, இருமிவிட்டதாம். "ரீல் சுத்தாதீங்கப்பா. நம்மது வெள்ளை, இது நீலம்" என்கிறாள் மகள். பழைய கார் கடையின் விளக்கொளியில், நம்பர் பலகை கழற்றிய அந்தக் கார் புதுப் பெயின்ட்டில் பளபளக்கிறது. நூற்றைம்பது சோதனை முடித்து சர்டிபிகேட்டோடு எடுத்தால் விலை கூடுதல், இப்படியே எடுத்தால் மலிவு. "வாரண்டி இல்லாம வாங்கி நடுரோட்டுல நிக்கவா?" என்று மகள் சர்டிபிகேட்டுக்கே ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர் பக்கத்து இருக்கையின் கதவைத் திறக்கிறார். மனைவி போன பிறகு, காலியான இந்த இருக்கையைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவசரப்பட்டு விற்றார். "உங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனா என்னைவிட அதிகமா பிரேக் போட்டவ அவதான். எறும்பு குறுக்கே போனாலும் இங்க உக்காந்தே தரையை மிதிப்பா" என்று சிரித்தபடியே கால்மிதியைத் தூக்குகிறார். அடியில் விரிப்பு குதிகால் அளவுக்குத் தேய்ந்து குழிந்திருக்கிறது. கிழிசலின் குறுக்கே பச்சை நூலில் கோணல்மாணலாக ஏழு தையல். எட்டிப் பார்த்த விற்பனையாளர் பதறுகிறார். "சாரி சார், சர்டிபிகேட்டோட எடுத்தா இதைப் பிச்சுப் போட்டுட்டுப் புதுசு ஒட்டித் தந்துடுவோம்." அப்பாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. குழியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். மகள் மண்டியிட்டு அந்தக் கையை மெல்ல விலக்குகிறாள். அம்மா தைத்துத் தந்த அவளுடைய பழைய பள்ளிக்கூடப் பையின் வாரிலும் இதே பச்சை நூல், இதே கோணல். ஒவ்வொரு தையலாக விரலால் தொட்டுக்கொண்டே போகிறாள். "சர்டிபிகேட் வேண்டாங்க, இப்படியே குடுங்க" என்று நிமிராமலே சொல்கிறாள். பிறகு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இருமுச்சுப்பா. எனக்கும் கேட்டுச்சு."