வாளின் துணிப் பக்கம்

வாள் பளபளத்தது.

அவள் கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றாள். தப்பான பெட்டியைத் திறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். எண்ணைப் பார்த்தாள். அதே எண். கீழே அவளே சிவப்பு மையில் எழுதியது: தொட வேண்டாம்.

நன்றாகவே தொட்டிருந்தார்கள்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் விடுப்பில் போகும்போது அது வாள் மாதிரியே இல்லை. முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடும் எலும்போடும் கிடந்து, உப்பி, வெடித்து வந்து சேர்ந்த ஒரு துருக்கட்டி. அருங்காட்சியகத்துக்கு வருகிற யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அவள் பார்த்தாள். ஏழு மாதம் பார்த்தாள்.

ஒரு பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, துரு வேறு மாதிரி இருந்தது. லென்ஸை வைத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. கோடு இல்லை, நெசவு. யாரோ அந்த வாளைத் துணியில் சுற்றித் தாழிக்குள் வைத்திருக்கிறார்கள். துணி மக்கிப்போவதற்குள் இரும்பு அதையும் துருவாக்கிப் பிடித்துவைத்துக்கொண்டது. இழை போய்விட்டது. இழையின் உருவம் அப்படியே நின்றது.

ஒரு சென்டிமீட்டருக்குப் பதினான்கு இழை. எண்ணியிருந்தாள்.

படங்கள் இருக்கின்றன. படத்தில் இழையை எண்ணலாம். அது பருத்தியா, வேறு நாரா என்று படத்திடம் கேட்க முடியாது. அதற்கு அந்தத் துருவே வேண்டும். பெரிய நுண்ணோக்கி உள்ள ஆய்வகத்திலிருந்து தேதி கொடுத்துக் கடிதமும் வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை.

இந்த விஷயம் அருங்காட்சியகத்தில் அவளைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

கோமதிநாயகம். பக்கத்து மேசை. காட்சிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். எட்டு வருடமாக ஒரே அறை, ஒரே மின்விசிறி, மதியம் ஒன்றரைக்கு இரண்டு டப்பாவும் சேர்ந்துதான் திறக்கும். அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, அதனால் அந்தச் சொல்லை அவள் சும்மா சொல்வதில்லை. நெசவைக் கண்டுபிடித்த அன்று முதலில் அவரைத்தான் இழுத்துவந்து லென்ஸில் பார்க்கவைத்தாள். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அப்பாவுக்கு மதுரையில் நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று அவள் விடுப்பு கேட்டபோதும் அவர்தான் தைரியம் சொன்னார்.

"நிம்மதியா போய்ட்டு வாங்கம்மா. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

பெட்டிச் சாவியை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டார்.

அவள் வாளைப் புரட்டினாள். இரண்டு பக்கமும் வழவழ. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறுப்பேற்றி, மெழுகு பூசி, குறை சொல்ல முடியாத வேலை. குப்பைக்கூடைக்குள் பார்த்தாள். உதிர்ந்த தூளாவது கிடக்கும் என்று ஒரு நப்பாசை. காலி. அறையே பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

கோமதிநாயகம் கதவருகில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நாளைக்கு கேலரி திறப்பும்மா. துருக்கட்டிய எப்படி வைக்கது, வாள்னா வாள் மாதிரி இருக்கணும்னு மேல சொல்லிட்டாவ. கார்டுல உங்க பேருதான் போட்டிருக்கேன். நல்ல பேரு உங்களுக்கே வரட்டும்."

மேசையில் வாளின் பதிவு அட்டை இருந்தது. சுத்தம் செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி. வேலை ஆரம்பித்த நாள், திங்கள்கிழமை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவர் மதுரைக்குப் போன் செய்திருந்தார். அப்பா கஞ்சி குடிக்கிறாரா, ராத்திரி தூங்குகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். அவசரப்படாமல் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டே வரச்சொன்னார். போனை வைத்தபிறகு அவள் அம்மாவிடம் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள். இப்போது அதை நினைத்தால் கூசியது.

மேலே இருப்பவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்கு வாள் வேண்டும், வெட்டுவதற்கு ரிப்பன் வேண்டும். இவர் லென்ஸில் பார்த்தவர்.

அப்படியும் மனசு ஒரு சாக்குத் தேடியது. மறுபக்கத்தில் ஆரம்பித்திருப்பார். நெருக்கடி. கை ஓடுகிற வேகத்தில் வாள் புரண்டிருக்கும், எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயிருக்கும். அவளுக்கே ஒரு கத்தியில் அப்படி நடந்திருக்கிறது. அப்படி இருந்துவிட்டால் போதும். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, உட்கார்ந்து அழுதுவிட்டு, மதியம் அவரோடு சாப்பிட்டுவிடுவாள்.

"எந்தப் பக்கத்துல மொதல்ல ஆரம்பிச்சீங்க, அண்ணாச்சி?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பத் தயாராக இருந்தாள்.

"அந்தப் பக்கந்தாம்மா." தரையைப் பார்த்தபடி சொன்னார். "அத கடைசிக்கு வச்சிருந்தா எனக்கு மனசு வந்திருக்காது."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கையுறையைக் கழற்றினாள். அட்டையில் தன் பெயரை ஒரே கோடாக அடித்தாள். மேலே அவர் பெயரை இனிஷியலோடு, முழுசாக, நிதானமாக எழுதினாள். அட்டையை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"கையெழுத்து நீங்க போடுங்க, சார்."

சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டே அவர் மேசையெல்லாம் பேனா தேடினார்.