கப்பல் படிப்பு

“கப்பலுக்கா? பொம்பளைப் புள்ள கப்பலுக்குப் போவக் கூடாது. அவ்வளவுதான்!”

முத்தம்மா, தேய்த்த பாத்திரத்தை நங்கென்று கவிழ்த்தாள். அவள் வேலை பார்க்கும் டெல்லி கிட்வாய் நகர் வீட்டுச் சமையலறை அது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மகள் அம்பிகாவுக்குக் கண் கலங்கியது. மரைன் எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வில் தேறி, சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது. அம்மாவின் வாயிலிருந்து ஒரு ‘சரி’தான் கிடைக்கவில்லை. அதற்காகவே வீட்டுக்கார விஜயலக்ஷ்மியைத் துணைக்குப் பிடித்திருந்தாள்.

“அச்சா, செத்த உக்காரு முத்தம்மா. உன் பொண்ணு என்ன படிக்கப் போறான்னாவது கேட்டியோ?” என்ற விஜயலக்ஷ்மி, அம்பிகாவைப் பார்த்தாள். “நீயே சொல்லுடி.”

“நாலு வருஷம் பி.டெக்மா. எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறதுலேர்ந்து எல்லாம் சொல்லித் தருவாங்க. அப்புறம் கப்பல்ல ஜூனியரா சேரணும். கடல்ல வேலை பார்த்து, ஒவ்வொரு பரீட்சையா பாஸ் பண்ணினா, ஒருநாள் சீஃப் எஞ்சினியர். மொத்த எஞ்சின் ரூமும் என் பொறுப்பு!”

சொல்லும்போதே அம்பிகாவின் முதுகு நிமிர்ந்தது.

முத்தம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா?”

“நிக்க விடமாட்டேன். அதுக்குத்தானே இந்தப் படிப்பு! நின்னாலும் திரும்ப ஓட வச்சிடுவேன்.”

“நெசமா?”

“நெசமாம்மா.”

மகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், விறுவிறுவென்று பால்கனிக்குப் போனாள். கீழே துணி தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, “பையா, சுனோ! மேரி பேட்டி, எம் பொண்ணு, கப்பல் எஞ்சினியர்!” என்று தெருவே அண்ணாந்து பார்க்கக் கத்தினாள்.

விஜயலக்ஷ்மி சிரித்துவிட்டாள். “மெட்ராஸ்ல கொண்டு விடறச்சே நீயும் கடலைப் பார்த்துட்டு வா. நீதான் பார்த்ததே இல்லைன்னு சொல்லுவியே!”

முத்தம்மா திரும்பி வந்து மகளின் கன்னத்தைத் தடவினாள்.

“அது பொய்ம்மா. இவங்கப்பா காய்ச்சல்ல செத்தாருன்னு சொன்னதும் பொய்தான். மீன் புடிக்கப் போனவரு, எஞ்சின் நின்னுபோன படகோட அப்படியே போயிட்டாரு. கடலே இல்லாத ஊரு எதுன்னு கேட்டுத்தான், இவளை இடுப்புல தூக்கிக்கிட்டு டெல்லிக்கு ரயிலேறினேன்.”