தொட்டாலே போகும் புகார்

"நாலாயிரத்து எழுநூறு ரூபா! மாடிப்படி பெருக்குன கூலி. எங்கய்யா அது?"

செல்வமேரி மேசையில் அறைந்த அறையில் டீ கிளாஸ் குதித்தது. கேளம்பாக்கம் ஃப்ளாட்ஸில் அவளைத் துப்புரவு வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சியின் ஆபீஸ் அது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் பிரசன்னா. ஏஜென்சியின் வெப்சைட்டைச் செய்தவன்.

"அக்கா, புகார் எத்தனை தடவை போட்டீங்க?"

"உங்க வெப்சைட்ல ஒரே வாட்டி. பேரு, நம்பரு, பாக்கி எல்லாம் அடிச்சு அனுப்புனேன். அப்பால அந்த லிங்க்கை எங்க பொம்பளைங்க குரூப்ல போட்டேன். அவங்களுக்கும் பாக்கி கீதுல்ல?"

"அங்கதான் தப்பு. நீங்க போட்டது, புகார் போனதுக்கு அப்புறம் ஸ்கிரீன் மேல வர்ற லிங்க்." ஸ்கிரீனைத் திருப்பினான். ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு முகவரி. அதற்குள்ளேயே அவள் பெயர், போன் நம்பர், 4700. "இதை யார் தொட்டாலும் உங்க புகார்தான் மறுபடி போகும். நூறைத் தாண்டிடுச்சு."

செல்வமேரிக்கு உச்சி மண்டை கொதித்தது.

"என் நம்பரு ஊரு பூரா சுத்துதா? இன்னா வேலைடா இது? குப்பைய வாசல்லயே கொட்டி வச்சிகினு, தப்பு என்னுதுன்றியா? ஓனருக்கு ஜால்ரா தட்ட மட்டும் தெரியுது!"

பிரசன்னா கீபோர்டு பக்கம் திரும்பினான்.

உள் அறைக் கதவு படாரென்று திறந்தது. ஓனர் சுந்தரராமன் வியர்த்துப்போய் நின்றார். ஒவ்வொரு புகாரின் நகலும் ஃப்ளாட்ஸ் செக்ரட்டரிக்குப் போகும் என்று பெருமை பேசித்தான் அவர் அந்தக் காண்ட்ராக்டையே பிடித்திருந்தார்.

"அம்மா தாயே, செக்ரட்டரி காலையிலேர்ந்து போன்ல கிழிக்கிறார். காண்ட்ராக்ட் போயிடும்போல. இந்தா, உன் காசு. பிரசன்னா, அந்த லிங்க்கை உடனே கவனி!"

நோட்டுகளை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார்.

எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

"மொதல்ல அதுலேர்ந்து என் பேரை எடு."

"எடுத்துட்டேன் அக்கா. பாருங்க."

அவள் போன் சிணுங்கியது. அதே நீள லிங்க். எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். செல்வமேரி இருந்த இடத்தில் பிரசன்னா. 4700 இருந்த இடத்தில் 54000.

"என் மூணு மாசச் சம்பளப் பாக்கி," என்றான் மெதுவாக. "உங்க குரூப்ல போட்டு விடுங்க அக்கா."